கையில் கொடுத்துவிடும் டீச்சர்

அந்த டீச்சரைப் பார்த்தால் எனக்குப் பயம். அவர் பிள்ளைகளை அடித்ததில்லை. சத்தம் போட்டதும் இல்லை. ஆனால் எதையும் வாயால் சொல்லித்தர மாட்டார். கையில் கொடுத்துவிடுவார். "பாத்து நீயே சொல்லு" என்பார். பிளேடோ கண்ணாடியோ நெருப்போ, முதலில் பிள்ளை கைக்குப் போகும். பாடம் அப்புறம்தான்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது. சுற்றிலும் இரும்பு உருக்கும் கம்பெனிகள். நான் பழைய இரும்பு யார்டில் கேஸ் கட்டராக இருந்தேன். கப்பலில் வரும் வெளிநாட்டு இரும்பை நெருப்பால் வெட்டித் துண்டாக்கி உலைக்கு அனுப்ப வேண்டும். படிப்பு நாலாவதோடு சரி. என் மகள் திவ்யா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ரெண்டே வகுப்பறை, ரெண்டே வாத்தியார். ஒருவர் எச்.எம். இன்னொருவர் இந்த டீச்சர். நாலாவதும் ஐந்தாவதும் இவரிடம்.

ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி, அப்புறம் ரயில், அப்புறம் ஷேர் ஆட்டோ. வந்ததும் கறுப்பு அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் மெழுகுவத்தி, காந்தம், பழைய பூட்டு, ஊசி, ஓடாத கடிகாரம் எல்லாம் இருக்கும். காலையில் பிள்ளைகள் முதலில் பார்ப்பது டீச்சரை இல்லை, அந்தப் பையைத்தான்.

அவர் வந்த முதல் வாரமே பீரோ விஷயத்தில் எச்.எம்.முக்குப் பேஜாராகிவிட்டது. அரசாங்கம் கொடுத்த அறிவியல் சாமான் பெட்டி பல வருஷமாகப் பீரோவில் பூட்டிக் கிடந்தது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று எச்.எம். தொடவே இல்லை. டீச்சர் சாவி வாங்கித் திறந்து எல்லாவற்றையும் பிள்ளைகள் நடுவில் தரையில் கொட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் ஒரு லென்ஸ் போச்சு.

"மேல கேட்டா இன்னாம்மா சொல்றது?" என்று எச்.எம். தலையில் கை வைத்தார்.

"ஒடஞ்சிடுச்சின்னு எழுதுங்க சார். ஒடையறதுக்குத்தான குடுத்தாங்க."

"ஒடையறதுக்கா குடுத்தாங்க!"

"பின்ன, பூட்டி வெக்கவா குடுத்தாங்க?"

பூட்டையும் விடவில்லை. அதையும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். பிரித்தார்கள். திரும்ப மாட்டத் தெரியவில்லை. அதற்கப்புறம் அந்தப் பீரோவுக்குப் பூட்டே கிடையாது.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. திவ்யா டார்ச் லைட்டைப் பிரித்தாள். கேட்டதற்கு வெளிச்சம் எங்கிருந்து வருது என்று பார்க்கிறாளாம். என் வீட்டுக்காரி துடைப்பத்தை எடுத்தாள். மறுநாள் ரேஷன் கடையில் வைத்து டீச்சரைப் பற்றிப் பேசினாள். "அது டீச்சரா, மெக்கானிக்கா? எம்பொண்ணு ஊட்ல ஒரு சாமானையும் முழுசா உட மாட்டேன்றா" என்றாள். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே கதைதான்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. யார்டில் கை போனவர்களைப் பார்த்தவன் நான். தெரியாத பொருளைத் தொடக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். என் மகளுக்கு முதல் பாடமே தொடுவதாக இருந்தது.

ஒருமுறை செம்பருத்திப் பூவை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துக் காயவைத்தார்கள். புளித்தண்ணீர் பட்டால் காகிதம் சிவக்கும். சோப்புத் தண்ணீர் பட்டால் பச்சையாகும். பிள்ளைகள் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு ஊரெல்லாம் நனைத்துப் பார்த்தார்கள். மோரில், டீயில், மாட்டு மூத்திரத்தில். யாரோ ரெண்டு பேர் ஒரு கம்பெனிக்குப் பின்னால் ஓடும் கால்வாயிலும் நனைத்துவிட்டார்கள். அதுவும் சிவந்தது.

ரெண்டு நாளில் பைக்கில் ஒருவன் வந்தான். நான் அப்போது திவ்யாவின் சாப்பாட்டுத் தட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். பைக்கை விட்டு இறங்காமலே கேட்டான்.

"யாரும்மா இங்க டீச்சரு? கம்பெனித் தண்ணியில ஆசிட்டுன்னு பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறீங்களாமே?"

"நான் ஒண்ணுமே சொல்லல சார். காகிதம் செவந்துச்சி. இந்தாங்க, நீங்களே நனைச்சிப் பாருங்க."

ஒரு துண்டை அவன் கையிலும் கொடுத்துவிட்டார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

ஊரில் பாதிப்பேர் கம்பெனியை நம்பித்தான் உலை வைக்கிறோம். ஒரு வாரம் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. யார்டு மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார்.

"உங்க ஊரு டீச்சரம்மாக்கு பயமே கெடையாதாப்பா?"

"இல்ல."

"சரி. அதுக்கும் சேத்து நீயே பயந்துக்கோ."

அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

வரலாற்றுப் பாடத்துக்கு அவர் ஒரு கயிறு கட்டினார். பள்ளிக்கூடச் சுவரைச் சுற்றித் தேங்காய்நார்க் கயிறு. ஒரு சாணுக்கு ஒரு வருஷம். குழாயடியில் இந்த வருஷம். அங்கிருந்து பின்னால் போகப் போகப் பழசு. பிள்ளைகள் வீட்டில் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வருஷத்திலும் நூல் கட்டினார்கள். இங்கே நம்ம ஊருக்குக் கரண்டு வந்தது, இங்கே முதல் கம்பெனி வந்தது, இங்கே ஏரி உடைந்தது என்று. நான் ஒருநாள் வாசலில் நின்றபோது டீச்சர் பார்த்துவிட்டார்.

"வாங்கண்ணே. நீங்க பொறந்த சாண் எதுன்னு காட்டுங்க."

எனக்குப் பிறந்த வருஷம் தெரியாது. ஆதாரில் இருப்பது யாரோ குத்துமதிப்பாகப் போட்டது.

"புயல் அடிச்ச வருசம்னு எங்கம்மா சொல்லும்" என்றேன்.

"எந்தப் புயலு?"

"தெரியாதும்மா."

முப்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். திவ்யாவும் சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. "தெரியாதுன்னா தேடணும். போங்க, ஊர்ல பெரியவங்கள கேளுங்க" என்று பிள்ளைகளை அனுப்பினார். ரெண்டு நாளில் எனக்கு ஒரு சிவப்பு நூல் கட்டினார்கள். அது என் வருஷம். எனக்கு நாற்பத்தி ரெண்டு வயது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் பள்ளிக்கூடப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன். டீச்சர் மறுபடி ஏதாவது கேட்பார், நான் மறுபடி தெரியாது என்பேன். அந்தப் பயம்.

அதற்கு அடுத்த மாதம்தான் மேசை. வகுப்பில் ஒரு பெரிய மேசையைக் காலி செய்து வைத்தார். "உங்க ஊட்ல யாருக்கும் வயசு தெரியாத சாமான் ஒண்ணு கொண்டாங்க. நாம கண்டுபுடிப்போம்" என்றார். மரக்கால் வந்தது. ஓட்டைக் காசு வந்தது. முழ நீளச் சாவி ஒன்று வந்தது. டீச்சர் தன் பங்குக்குப் பழவேற்காட்டிலிருந்து ஒரு செங்கல் துண்டு கொண்டுவந்து வைத்தார். நம்முடைய செங்கல்லைவிட ஒல்லி. வெள்ளைக்காரன் காலத்துக் கல்.

திவ்யா எங்கள் வீட்டுக் குண்டைக் கொண்டுபோனாள்.

அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கப்பல் இரும்பில் எல்லாம் வரும். எங்கேயோ சண்டை நடந்த நாட்டுப் பீரங்கிக் குண்டுகளும் வரும். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒன்று என் கைக்கு வந்தது. ஒன்றரைச் சாண் நீளம். முழுக்கத் துரு. யார்டில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. குண்டின் நுனியில் பித்தளை மூக்கு இருந்தால் உயிர் இருக்கிறது. தொடாமல் மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும். மூக்கு இல்லாவிட்டால் செத்த குண்டு. வெட்டலாம். இதற்கு மூக்கு இல்லை. நுனியில் வெறும் துருவும் மண்ணும் கெட்டித்துக் கிடந்தது.

"செத்த குண்டுதாம்பா, எடுத்துக்கினு போ" என்றார் மேஸ்திரி.

கடல் காற்றில் எங்கள் வீட்டுக் கதவு படார் படார் என்று அடிக்கும். அதற்கு முட்டுக் கொடுக்க வைத்தேன். அத்தனை வருஷமும் திவ்யா அதன்மேல் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டினாள்.

திங்கட்கிழமை கொண்டுபோனாள். அன்று சாயங்காலமே சொன்னாள்.

"நைனா, டீச்சர் உன்ன வரச் சொன்னாங்கோ. நம்ம குண்ட பத்தி நீ வந்து சொல்லணுமாம்."

"நீயே சொல்லேன்."

"எனக்கு இன்னா தெரியும்? டீச்சருக்கே தெரியாதாம். இரும்புல வேல செய்ற உங்கப்பாவுக்குதான் தெரியும், கூட்டிகினு வான்னாங்கோ."

"நாளிக்கி வர்றேன்."

மறுநாள் போகவில்லை. முப்பது பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டுமே என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மறுபடி வந்தாள்.

"நைனா, எட போட்டோம். ஏழு கிலோ. பக்கெட்டு தண்ணியில முக்கினோம். அப்பறம் ஸ்கேலால தட்டினோம். டங்குன்னு கேக்கல நைனா. தொப்புன்னுது. அது உள்ள காலி இல்ல."

"மண்ணு அடச்சிகினு இருக்கும்" என்றேன்.

யார்டில் ஒரு இரும்பு அப்படிச் சத்தம் கொடுத்திருந்தால் கையிலிருந்த கேஸ் டார்ச்சை அணைத்துவிட்டு விலகியிருப்பேன். வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

புதன்கிழமை அவள் நகமெல்லாம் கறுத்திருந்தது. கை முழுக்கப் புளி வாசனை.

"எழுத்து எதுனா இருக்கான்னு பாக்க புளியும் உப்பும் போட்டு தேய்க்கிறோம். எல்லாரும் மாத்தி மாத்தி. நாளிக்கி நீ வரலன்னா டீச்சரே யார்டுக்கு வந்துடுவேன்னாங்கோ."

அது எனக்கு அதைவிடப் பயம். அரைநாள் லீவு கேட்டேன். வியாழக்கிழமை காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வகுப்புக்கு வெளியே ஜன்னல் வழியாக முதலில் பார்த்தேன். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அன்னக்கூடை, புளித்தண்ணீர். திவ்யா சம்மணம் போட்டு, குண்டை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் அதன் நுனி. ரேவதி என்கிற பெண் ஒரு ஆணியை வைத்து நுனியைச் சுற்றிச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டிய இடம் மஞ்சளாக மின்னியது.

பித்தளை.

மூக்கு இருந்தது. ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. துரு அதை மூடியிருந்தது. ரெண்டு நாளாக முப்பது பிள்ளைகள் தேய்த்து அதைத் திறந்திருக்கிறார்கள்.

கத்தக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. கத்தினால் கீழே போட்டுவிடுவாள். மெதுவாக வாசலுக்கு வந்தேன். வந்திருக்கக் கூடாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் யாராவது பெரியவர்கள் வாசலில் வந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். எழுந்தார்கள். "வ-ண-க்-க-ம் ஐ-யா" என்று முப்பது பேரும் ராகம் போட்டார்கள். திவ்யாவும் எழுந்தாள். மடியிலிருந்த ஏழு கிலோ சரிந்தது. அப்படியே ரெண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நைனா வந்துவிட்டார் என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

கையைக் காட்டினேன். அப்படியே நில் என்று.

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாண்ணே?"

பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "உயிரு இருக்குது டீச்சர். வெடிக்கும். புள்ளைங்கள அனுப்புங்க. ஓட உடாதீங்க, தட்டி உட்டுடப் போவுதுங்க."

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஆனால் குரல் மாறவில்லை. எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னார்.

"ரேவதி, ஆணிய கீழ வை கண்ணு. திவ்யா, நீ மட்டும் ஆடாம நில்லு. மத்தவங்கல்லாம் கேளுங்க. இங்கேருந்து ஏரிக்கரைக்கு எத்தன அடின்னு நமக்குத் தெரியாது. அளந்துகினு வரணும். யாரும் இடிச்சிக்காம வரிசையா போங்க."

பிள்ளைகள் வெளியே போனார்கள். வாசலைத் தாண்டியதும் அளக்க ஆரம்பித்தார்கள். அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே. ஒரு பாதத்தின் கட்டைவிரலில் அடுத்த பாதத்தின் குதிகால் ஒட்ட வேண்டும். நடுவில் இடைவெளி விடக் கூடாது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் இருபத்தொன்பது பிள்ளைகள் தலையைக் குனிந்து எறும்பு மாதிரி நகர்ந்தார்கள். தப்பாக அளக்கக் கூடாதே என்று ஒருத்தி திரும்ப வாசலுக்கு வந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்புறம் ஜன்னலுக்குப் போய்க் கத்தினார். "அளக்க வேணாம்! ஓடுங்கடா! ஓடுங்க!"

அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அதில் கொஞ்ச நேரம் போச்சு. அப்புறம்தான் ஓடினார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து எச்.எம். வந்தார்.

"இன்னாம்மா இது, கிளாசு நேரத்துல?"

"சார், உங்க பசங்களையும் கூட்டிகினு ஏரிக்கரைக்குப் போங்க. போலீசுக்கு போன் பண்ணுங்க. கேக்காதீங்க, போங்க."

அவர் குண்டைப் பார்த்தார். கேட்கவில்லை. போனார்.

உள்ளே நாங்கள் மூன்று பேர்.

"நைனா, கை வலிக்குது."

"ஆடாத."

"வழுக்குது நைனா. புளி."

மண்டி போட்டேன். அடியில் ஒரு கை கொடுத்தேன். இன்னொரு கையை அவள் வயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவில் விட்டேன். அவள் வயிறு ஏறி இறங்குவது என் கையில் தெரிந்தது. டீச்சர் பின்னால் நின்று அவள் தோள் ரெண்டையும் பிடித்திருந்தார்.

"நீங்க போங்க டீச்சர்."

"கையில குடுத்தது நானு. இவ வெளிய போனாதான் போவேன்."

எடை என் கைக்கு வந்தது. "இப்ப உடு" என்றேன். விட்டாள். ஒவ்வொரு விரலாக விட்டாள். டீச்சர் அவளை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிப் பழகும் மணல் தட்டு இந்த அறைச் சுவரோரம்தான் இருக்கும். மூக்கு எதிலும் படாமல் குண்டை அந்த மணலில் படுக்க வைத்தேன். உருளாமல் ரெண்டு பக்கமும் மணலைக் கூட்டினேன். பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

ஏரிக்கரையில் டீச்சர் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். என்னிடம் வந்தார்.

"அண்ணே, பொய்க் குண்டா இருக்கும் இல்ல? அவ்ளோ பழசு. நீங்க சும்மா பயந்துட்டீங்கன்னு சொல்லுங்க."

திவ்யா கையிலிருந்த புளியை என் சட்டையால் துடைத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் சென்னையிலிருந்து வெடிகுண்டு ஆட்கள் வந்தார்கள். தடிமன் உடுப்பும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே போனார். மணலோடு எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே சவுடு மண் தோண்டிய பள்ளத்தில் வைத்தார்கள். மேலே மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். எங்களைத் தூரத்தில் நிறுத்தினார்கள்.

நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். வெறும் புஸ்ஸென்று போகட்டும்.

தரை ஆடியது. சத்தம் அப்புறம் வந்தது. ஊரில் ஓடு சரிந்தது. பள்ளத்துக்கு மேல் மண் பனைமர உயரம் எழுந்தது. டீச்சர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தன் ரெண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் ஊரே கூடிவிட்டது.

"புள்ளைங்க மடியில குண்ட வெச்சி வெளையாடுறியா நீ?"

"டீச்சரா இது, கொலகாரி!"

"நம்ம பசங்கன்னா அவ்ளோ எளப்பமா? உம் புள்ள கையில குடுப்பியா?"

டீச்சர் படிக்கட்டில் நின்றார். இன்ஸ்பெக்டர் வந்தார், கல்வி ஆபீசர் வந்தார்.

"இத யாரும்மா கொண்டாந்தது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மேசையில வெச்சது நான் சார்."

"அது தெரியும். உங்க கைக்கு எப்பிடி வந்துச்சி?"

"நான் கொண்டாரச் சொன்னேன். வெச்சேன். என் பொறுப்பு."

"யாரு ஊட்லேர்ந்துன்னு கேக்கறேன்."

"எழுதிக்கோங்க சார். என் பொறுப்பு."

திவ்யா பெயரை அவர் சொல்லவே இல்லை. பிள்ளைகளிடமும் கேட்க விடவில்லை. குறுக்கே நின்றுகொண்டார்.

நான் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தேன். முந்தின நாளே மேஸ்திரி ஆள் அனுப்பியிருந்தார். யார்டு பேர் வெளியே வந்தால் வேலை இல்லை, கேஸ் வேறு என்று. என் வீட்டுக்காரி என் முழங்கையைக் கிள்ளிப் பிடித்திருந்தாள்.

"வாயத் தொறக்காத. அந்தம்மா படிச்சவங்க, எப்பிடினா பொழச்சிக்குவாங்கோ. நாம எங்க போறது?"

அவள் சொன்னது சரிதான். எனக்கும் அதே பயம். நேற்று குண்டைப் பிடித்திருந்தபோது இருந்ததைவிட அதிகப் பயம். காலை எடுத்து முன்னால் வைத்தது நினைவிருக்கிறது. எப்படிப் படிக்கட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை.

"சார். அது எங்க ஊட்டு குண்டு. யார்டுலேர்ந்து நான்தான் எடுத்துக்கினு வந்தேன்."

எல்லாரும் திரும்பினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "அப்ப நீதான் கொல்லப் பாத்தியா?"

"ஆமா" என்றேன்.

ரெண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். நான் திருடியதாக யார்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேலை போனது. அப்புறம் அரிசி மண்டியில் மூட்டை தூக்கப் போனேன். இப்போதும் அதுதான்.

நான் சொன்னதால் டீச்சருக்கு ஒன்றும் மாறவில்லை. வகுப்பில் வைத்தது அவர்தானே என்றார்கள். ஆர்.கே.பேட்டைப் பக்கம் மாற்றல். பழவேற்காட்டிலிருந்து தினமும் போய்வர முடியாத தூரம். சாமான்களை ஒப்படைக்க ஒருநாள் வந்தார். எச்.எம். பீரோவுக்குப் புதுப் பூட்டு வாங்கி வைத்திருந்தார்.

அவர் திரும்பும்போது பஸ் ஸ்டாப்புக்கு நான் போனேன். திவ்யாவையும் கூட்டிப்போனேன். வர மாட்டேன் என்றவளை இழுத்துக்கொண்டு போனேன். ஊரிலிருந்து வேறு யாரும் வரவில்லை. டீச்சர் அங்கி போட்டுத் தனியாக நின்றிருந்தார். தோளில் அதே பை, ஏறக்குறைய காலியாகத் தொங்கியது.

பக்கத்தில் போய் நின்றேன்.

"திங்கக்கெழமையே வந்திருக்கணும் டீச்சர்" என்றேன்.

"நீங்க வர்ற வரைக்கும் நான் அத தொட உட்டிருக்கக் கூடாதுண்ணே."

"கூச்சமா இருந்துச்சி. பசங்க சிரிப்பாங்கன்னு."

"எனக்கு அதுகூட இல்ல" என்றார். "ஒரு பயமும் இல்லாம இருந்துட்டேன்."

அவர் பையில் கைவிட்டுத் துழாவி ஒரு சிப்பியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் திவ்யாவிடம் நீட்டினார்.

டீச்சர் எதை நீட்டினாலும் முதலில் பாய்ந்து எடுப்பவள் திவ்யாதான். அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"சிப்பி, பாப்பா" என்றார் டீச்சர். "வெறும் சிப்பிதான். எங்க ஊரு கடக்கரையில கெடந்தது. உள்ள ஒண்ணும் இல்ல. காலி."

ஒரு பொருளை இன்னதென்று அவர் வாயால் சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

திவ்யா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நைனா, தொட்டா ஒண்ணும் ஆவாதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

டீச்சர் காதிலும் விழுந்தது. நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் அடித்தார். கை அப்படியே இருந்தது.

நான் வாங்கிக்கொண்டேன். அவர் ஏறிப் போனார்.

வீட்டுக்கு நடந்தோம். திவ்யா என் பக்கத்தில் வரவில்லை. சிப்பி இருந்த கைக்கு எதிர்ப்பக்கமாகப் போய், நாலடி தள்ளியே நடந்து வந்தாள்.